டிக்கெட்டின் பின்பக்கம்

ஒரே பஸ்ஸில் போகிற மூன்று பேருக்கு மூன்று விதமான வழி தெரியும். டிரைவருக்குச் சாலை தெரியும். பயணிக்கு ஜன்னல் தெரியும். கண்டக்டருக்குத் தெரிவதெல்லாம் கைகள்.

நோட்டை நாலாக மடித்து விரலிடுக்கில் வைத்திருக்கும் கை. பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றிவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போராடும் கை. "பின்னால வாங்கிக்குங்க" என்று யாரையோ காட்டிவிட்டு மறுபடியும் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் கை. டிக்கெட்டை வாங்கியதும் கைக்கடிகார வாருக்குள் செருகிக்கொள்ளும் கை. கூட்ட நேரத்தில் முகத்தை எங்கே பார்ப்பது? கையைப் பார்த்து, காசைப் பார்த்து, "எங்கே?" என்று கேட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கைக்குப் போக வேண்டும். அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் எல்லாருக்கும் டிக்கெட் போட்டாக வேண்டும். நடுவில் செக்கர் ஏறி, டிக்கெட் இல்லாத ஓர் ஆள் அகப்பட்டால் அந்த ஆளுக்கு அபராதம், கண்டக்டருக்கு மெமோ.

திருநெல்வேலிக்கும் பாபநாசத்துக்கும் இடையே 31 வருஷம் இப்படிக் கைகளைப் பார்த்துவிட்டு 2023-ல் ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவருக்குக் கதை எழுத வேண்டும் என்று ஆசை. பெயர் எதற்கு? அந்த ரூட்டில் போய்வந்தவர்கள் பெயர் போடாவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆசை புதிதல்ல. ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவில் கிடைக்கும் இருபது நிமிஷத்தில், டீ ஆறுவதற்குள், வாரப் பத்திரிகையில் ஒரு சிறுகதையைப் படித்துவிடுவது அவர் வழக்கம். படித்த கதை பிடித்திருந்தால் அதை டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வருவார். பிடிக்காவிட்டால் முடிவை மாற்றிச் சொல்வார். டிரைவர்களுக்கு மாற்றிய முடிவுதான் பிடித்தது என்பது அவருடைய கணக்கு. டிரைவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

ஓய்வு பெற்ற மறு மாதம் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினார். ஆறு மாதத்தில் நாலு கதை எழுதினார். முதல் கதை ஊட்டியில் ஒரு பங்களாவில் நடக்கிறது; கொலை. இரண்டாவது கதையில் ஒரு ஜமீன் வாரிசு. மூன்றாவதில் துபாயிலிருந்து திரும்பும் விமானத்தில் ஒரு காதல். நாலாவதில் ராஜா காலத்துப் புதையல். அவர் ஊட்டிக்குப் போனதில்லை. விமானம் ஏறியதில்லை. ஜமீன் வாரிசு யாரும் அவரிடம் டிக்கெட் வாங்கியதாக நினைவில்லை. கதைகளைத் தபாலில் அனுப்பினார். எதற்கும் பதில் வரவில்லை.

ஊரில் அவருக்கு வாசக நண்பர் ஒருவர் உண்டு. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊரே அவரைத் தமிழய்யா என்றுதான் கூப்பிடும். நாலு கதையையும் படித்துவிட்டு தமிழய்யா கேட்டது ஒரே கேள்விதான்.

"அண்ணாச்சி, இதுல பஸ்ஸே வரலையே?"

"பஸ்ஸுல என்ன ஐயா இருக்கு? முப்பது வருஷமா பாத்துச் சலிச்சது. அத எழுதினா யாரு படிப்பா?"

எழுத உட்காருகிற யாரையும் முதல் நாளே மடக்குகிற கேள்வி இது. தினமும் பார்க்கிற பொருள் கதைக்கு உதவாது, கதை எங்கேயோ தூரத்தில் இருக்கிறது என்று தோன்றுகிறது. சமையலறையில் நாற்பது வருஷம் நின்றவருக்கு அங்கே எதுவும் இல்லை. பள்ளிக்கூட மணியடித்தே வயதானவருக்கு மணியில் எதுவும் இல்லை. பார்த்துச் சலித்துவிட்டது என்கிறார்கள். நிஜத்தில் நடப்பது வேறு. ஒரே இடத்தில் நின்று, ஒரே வேலைக்காக, ஒரே பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள். மற்ற பக்கங்கள் அப்படியே புதுசாக இருக்கின்றன.

தமிழய்யா இதையெல்லாம் விளக்கவில்லை. ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். புதுமைப்பித்தன் கதைகள். 1943-ல் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்ற கதையின் பக்கத்தை மடித்து வைத்திருந்தார். கடவுள் சென்னைக்கு வந்து ஒரு சாதாரண மனிதரின் வீட்டில் விருந்தாளியாகத் தங்கும் கதை அது என்று பலருக்கும் தெரிந்திருக்கும். நம் கண்டக்டர் கடவுள் வரும் இடம் வரைக்கும் போகவே இல்லை. முதல் பத்தியிலேயே நின்றுவிட்டார்.

கந்தசாமிப் பிள்ளை பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேரும் மூலையில் நின்றுகொண்டு வீட்டுக்கு எப்படிப் போவது என்று யோசிக்கிறார். டிராமில் போனால் வெற்றிலைக்குக் காசு மிஞ்சும். பஸ்ஸில் ஏறி, கண்டக்டரை ஏய்த்துக்கொண்டே சென்ட்ரலைத் தாண்டிவிட்டு, அப்புறம் டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி குடிக்கலாம். ஆனால் வெற்றிலை கிடையாது.

"இவன நான் புடிச்சிருப்பேன்" என்றார் கண்டக்டர். கோபமாகத்தான் சொன்னார். இரண்டு ஸ்டாப் தாண்டி டிக்கெட் கேட்கிற ஆட்களை அவருக்குத் தெரியும். தூங்குவது போல் கண்ணை மூடிக்கொள்பவர், கூட்டத்துக்குள் நகர்ந்துகொண்டே இருப்பவர், "இப்பத்தான் ஏறினேன்" என்பவர் என்று எத்தனையோ ரகம். அவர்கள் எல்லாருமே அவர் கணக்கில் ஓர் ஆபத்து. செக்கர் ஏறினால் மாட்டுவது அவர். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அவ்வளவு தெரிந்தால் வேலைக்குப் போதும்.

அந்தக் கணக்கின் எதிர்ப்பக்கத்தில் ஒரு அரைக் கப் காப்பி இருந்திருக்கும் என்பது புதுமைப்பித்தன் எழுதி வைத்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அன்றைக்கு அந்தக் கதையை அவர் மேற்கொண்டு படிக்கவில்லை. நாலைந்து நாள் கழித்துத்தான் முடித்தார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். காலையில் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பாபநாசம் பஸ்ஸில் ஏறி, மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். வேலை எதுவும் இல்லாமல் அந்த ரூட்டில் போவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று ஊர்கள் வந்துகொண்டே இருந்தன. கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் தாமிரபரணிப் பாலம். வேலை நாட்களில் அந்த இடத்தில் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அம்பாசமுத்திரம் வந்துகொண்டிருக்கும், பாதிப் பஸ் இறங்கும், அதற்குள் மீதிச் சில்லறைகளைக் கொடுத்து முடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை என்று வைத்துக்கொண்டால்கூட 31 வருஷத்தில் குத்துமதிப்பாக 30,000 தடவை அந்த ஆற்றைக் கடந்திருக்கிறார். பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஆற்றைப் பார்த்தது அன்றைக்குத்தான். கரையில் மருத மரங்கள். தூரத்தில் பொதிகை மலை. படித்துறையில் யாரோ துணி துவைக்கிறார்கள்; துணி கல்லில் விழுந்த பிறகுதான் சத்தம் வருகிறது.

வீட்டுக்கு வந்து ஆற்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். நன்றாகத்தான் இருந்தது. தமிழய்யா படித்துவிட்டு, "நல்லாருக்கு அண்ணாச்சி. ஆனா ஜன்னல் சீட்டுல உக்காந்தா யாரு வேணும்னாலும் இத எழுதலாமே" என்றார்.

தமிழய்யா கொஞ்சம் கறாரான ஆள். ஆனால் அவர் சொன்னது நியாயம். புது இடத்தில் போய் உட்கார்ந்தால் மட்டும் கதை வந்துவிடாது. சுற்றுலாப் பயணிக்கு எல்லா இடமும் புதுசுதான்; அவர்கள் எழுதுவது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. முப்பது வருஷமாகப் பழகிய விஷயத்தை அவர் கையோடு கொண்டுபோய் அந்தப் புது ஜன்னலில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆறு அவருக்குப் புதிது. கைகள் அவருக்குப் பழையவை. அன்றைக்கு அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்ததில் கைகளைக் கவனிக்கவில்லை.

அடுத்து எழுதியது இன்னொரு ரகம். பஸ்ஸே பேசுவது போல ஒரு கதை. பள்ளிக்கூடத்தில் 'தன் வரலாறு கூறுதல்' என்று கட்டுரை எழுதச் சொல்வார்களே, ஒரு ரூபாய் நோட்டு, ஒரு மரம், ஒரு செருப்பு என்று எல்லாம் தன் கதையைச் சொல்லும், அதே மாதிரி. அதில் பஸ் பிறந்தது, முதல் பூஜை போட்டது, மழையில் நனைந்தது, கடைசியில் ஏலத்துக்குப் போனது வரைக்கும் வந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தியிடம் வாசித்துக் காட்டினார்.

"தாத்தா, பஸ்ஸு உன்ன மாதிரியே பேசுது" என்றாள்.

விமர்சனம் என்றால் இதுதான். ஒரு பொருளுக்கு வாயைக் கொடுத்துவிட்டால் பார்வை மாறிவிடாது. பஸ்ஸுக்குள்ளும் அதே அறுபது வயது கண்டக்டர்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்ஸுக்கும் தெரிந்திருக்கிறது.

இதைச் சரியாகச் செய்தவர் டால்ஸ்டாய். 'கோல்ஸ்தோமர்' என்று 1886-ல் வெளிவந்த அவருடைய கதை ஒன்றில் கிழட்டுக் குதிரை ஒன்று தன் கதையைச் சொல்கிறது. அந்தக் குதிரைக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்கவே மாட்டேன் என்கிறது: மனிதர்கள் 'என்னுடையது' என்று சொல்வது. தன்னை 'என் குதிரை' என்று சொல்கிறவர் தன்மேல் ஏறுவதில்லை. ஏறுகிறவர் வேறு யாரோ. தீனி போடுகிறவரும் வேறு யாரோ. பிறகு எதை வைத்து 'என்' என்கிறார்கள்? குதிரைக்கு அது தெரியாததால் படிக்கிறவருக்கும் ஒரு நிமிஷம் சொத்து என்ற சொல் விநோதமாகப் படுகிறது. 1917-ல் விக்டர் ஷ்க்ளோவ்ஸ்கி என்ற ருஷ்ய விமர்சகர், பழகிப்போனதை முதல் தடவை பார்ப்பதுபோல் காட்டுவதுதான் கலையின் வேலை என்று எழுதியபோது இந்தக் குதிரையைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். குதிரை பேசுவதால் அந்தக் கதை நிற்கவில்லை. குதிரைக்கு ஒன்று தெரியாது என்பதால் நிற்கிறது.

அப்படியானால் பஸ்ஸுக்கு என்ன தெரியாது? கண்டக்டர் ஒரு நாள் முழுக்க யோசித்தார். விடை வரவில்லை. பஸ் கதையைக் கிழித்தும் போடவில்லை. பேத்தி தன் நோட்டில் வைத்துக்கொண்டாள்.

ஒரு மழை நாளில் தமிழய்யா வீட்டுத் திண்ணையில் பேச்சு சங்கப் பாட்டுக்குப் போனது. குறுந்தொகையைத் தொகுத்தபோது சில பாட்டுகளுக்கு எழுதியவர் பெயர் கிடைக்கவில்லை. அதனால் பாட்டில் வரும் ஒரு தொடரையே புலவரின் பெயராக வைத்துவிட்டார்கள். குப்பைக் கோழியார். மீனெறி தூண்டிலார். அணிலாடு முன்றிலார். கல்பொரு சிறுநுரையார். நற்றிணையில் ஒருவர் தேய்புரிப் பழங்கயிற்றினார்.

கண்டக்டருக்கு இந்தப் பெயர்கள் ரொம்பப் பிடித்துவிட்டன. பட்டப்பெயர் வைக்கிற ஊர்க்காரர் அல்லவா! ஆனால் தமிழய்யா பெயர்களோடு நிறுத்தவில்லை. எல்லாம் வீட்டு வாசலில் கிடக்கிற பொருள் என்பதைக் கவனியுங்கள் என்றார். முற்றத்தில் அணில் ஓடுவதை யார் பார்த்ததில்லை? பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்தப் பாட்டில் அது அழகு இல்லை. ஆட்கள் விட்டுப்போன வீட்டில்தான் அணில் பயமில்லாமல் முற்றத்தில் இறங்கி விளையாடும். காதலன் பிரிந்துபோன பெண் தன்னை அந்த வீட்டோடு ஒப்பிட்டுக்கொள்கிறாள். குப்பைமேட்டில் சண்டை போடும் கோழிகளைத் தூண்டிவிடவும் ஆளில்லை, விலக்கிவிடவும் ஆளில்லை. தன் மனவேதனையும் அப்படித்தான் தானாக அடங்கினால் உண்டு என்கிறாள் இன்னொருத்தி. பழங்கயிற்றினார் பாட்டில், இரண்டு யானைகள் இரு முனையிலும் பிடித்து இழுக்கும் தேய்ந்த கயிறு வருகிறது. வீட்டுக்குத் திரும்பச் சொல்லும் மனசுக்கும், எடுத்த வேலையை முடி என்று சொல்லும் அறிவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒருவன், தன் உடம்பு அந்தக் கயிறு போல அற்றுப்போய்விடுமோ என்று கேட்கிறான்.

"கயிறு எல்லாரு வீட்டுலயும் கெடக்கு அண்ணாச்சி. இழுபட்டவன் பாத்தான். அதான் பாட்டாச்சு."

கண்டக்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "டிக்கெட்டு பின்னால எழுதுவோம் ஐயா" என்றார்.

இளைய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியிருக்கும். இப்போது கையில் டிக்கெட் மெஷின் இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணமே இல்லை. முன்பு அப்படியில்லை. ஐந்து ரூபாயை நீட்டுவார்கள். டிக்கெட் மூன்று ரூபாய். பையில் சில்லறை இருக்காது. கண்டக்டர் டிக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் '2' என்று எழுதிக் கொடுப்பார். இறங்கும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். பேத்தி இதைக் கேட்டுவிட்டு, "ஜிபே பண்ணிருக்கலாமே?" என்றாள்.

கண்டக்டர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஒரு சில்லறைத் தட்டுப்பாடு. காலையில் டிப்போவில் கொடுக்கும் சில்லறை முதல் நடையிலேயே தீர்ந்துவிடும். எல்லாரும் நோட்டையே நீட்டுவார்கள். கணக்கு முடிக்கும்போது பையில் குறைந்தால் சொந்தப் பணத்தைப் போட வேண்டும். அந்த '2' அவரைக் காப்பாற்றிய எண். அதற்கு இன்னொரு பக்கம் இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்க்க அன்றைக்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை.

கதையை அந்த டிக்கெட்டை வாங்கிய ஒரு பெண்ணின் இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். சேரன்மகாதேவியில் ஏறுகிறாள். அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் தங்கச்சி படுத்திருக்கிறாள். மடியில் இட்லித் தூக்குவாளி. கையில் இருந்தது ஐந்து ரூபாய் நோட்டும் ஒரு ரூபாயும். மீதி இரண்டு ரூபாய் கைக்கு வந்தால்தான் அந்த ஒரு ரூபாயோடு சேர்த்துத் திரும்பிப் போக முடியும்.

நாலு பக்கம் எழுதிவிட்டு வீட்டுக்காரம்மாவிடம் படித்துக் காட்டினார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் எழுதியதை அந்த அம்மா கேட்டது அதுதான் முதல் தடவை. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். பாதியில் நிறுத்தினார்.

"ஏங்க, இந்தப் பொம்பள ஏன் அம்பாசமுத்திரம் வந்தப்பொறவு எந்திக்கா?"

"எறங்கணும்லா?"

"மீதி வரணும்னா அப்படி யாரும் எந்திக்க மாட்டாவ. முந்தின ஸ்டாப்புலயே எந்திச்சு ஒங்க பக்கத்துல வந்து நின்னுருவோம். வாயத் தொறந்து கேக்கவும் மாட்டோம். அத்தன ஆம்பளைய மத்தியில ரெண்டு ரூவாய எப்படிக் கேக்க? டிக்கெட்டத் திருப்பி வச்சுக்கிட்டு நிப்போம். எழுதின பக்கம் வெளிய தெரியுற மாதிரி. நீங்களாப் பாத்துக் குடுக்கணும்."

கண்டக்டர் நோட்டை மூடினார்.

அந்தக் கைகளை அவருக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். பாலம் வரும்போது பக்கத்தில் வந்து நிற்பார்கள். கம்பியைப் பிடித்த கையின் விரலிடுக்கில் டிக்கெட் திரும்பி இருக்கும். முப்பது வருஷமாக அவர் அதைப் பார்த்திருக்கிறார். இறங்குவதற்கு அவசரப்படுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தார். "இன்னும் ஸ்டாப்பு வரலம்மா, உக்காருங்க" என்று அக்கறையாகச் சொல்லியும் இருக்கிறார். திருப்பிப் பிடித்த அந்த டிக்கெட் ஒரு கேள்வி என்பது தெரிந்தவர் அவர் வீட்டிலேயே இருந்திருக்கிறார்.

அதன்பிறகு கதை நகர்ந்தது. ஆனால் சுலபமாக இல்லை. ஒவ்வொரு பத்தியிலும் கண்டக்டர் உள்ளே நுழைந்து தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லப் பார்த்தார். அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று ஒரு வரி வந்தால், அடுத்த வரியில் 'பாவம், அவர் பையிலும் சில்லறை இல்லை' என்று வந்துவிடும். அவள் நெஞ்சு படபடக்கிறது என்று எழுதினால், உடனே 'காலையிலிருந்து அவர் சாப்பிடவும் இல்லை' என்று ஒரு வரி. எல்லாம் உண்மைதான். 31 வருஷம் வெயிலிலும் கூட்டத்திலும் நின்ற ஒருவர் தன்னை ஒரு பெண்ணின் பயத்துக்குள் வெறும் காக்கிச் சட்டையாக நிறுத்திவிட்டுப் பேசாமல் இருப்பது லேசு இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அவர் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவள் படும் பாடு. டால்ஸ்டாயின் குதிரைக்கு 'என்னுடையது' தெரியாதது மாதிரி.

அந்த வரிகளை ஒவ்வொன்றாக அவரே அடித்தார். மொத்தம் பதினேழு வரி. எண்ணி வைத்திருக்கிறார்; கண்டக்டர் அல்லவா!

ஆறு அந்தக் கதையில் வரவில்லை. பாலம் வருகிறது. அவள் ஆற்றுப் பக்கம் திரும்பவே இல்லை, கண்டக்டரின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒரே ஒரு வரி. அழகாக எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்துக்குப் பதிலாக அந்த வரி. தமிழய்யா அந்த இடத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டார்.

இங்கே தமிழய்யாவே சொன்ன இன்னொரு கதையையும் சேர்த்துவிடலாம். பாரிஸில் ஜார்ஜ் பெரெக் என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். 1974 அக்டோபரில் மூன்று நாள், செயின்ட் சுல்பீஸ் என்ற சதுக்கத்தில் காப்பிக் கடைகளில் மாறி மாறி உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார். அங்கே பெரிய தேவாலயம் உண்டு, நீரூற்று உண்டு. அதையெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியாயிற்று. எதுவுமே நடக்காதபோது அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. புறாக்கள், குடைகள், பை தூக்கிப் போகிறவர்கள், பிறகு பஸ்கள். 70-ம் நம்பர் போகிறது. 63 போகிறது. 96 போகிறது. 86 போகிறது. பக்கம் பக்கமாகப் பஸ் நம்பர். நம்பிப் படித்தால், அந்தப் பஸ் நம்பர்களுக்கு நடுவிலிருந்து ஒரு நகரம் மெதுவாக எழுந்து வரும்.

கண்டக்டர் கேட்டுவிட்டு, "இது நம்ம டைம்கீப்பர் பண்ணுத வேலைலா? அதுக்குப் போயி புஸ்தகமா?" என்றார். சிரித்தாலும், மறுநாள் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தார். வந்த பஸ், போன பஸ், இறங்கியவர்கள் கையில் என்ன. பழக்கதோஷத்தில் நேரத்தையும் போட்டார். அந்தப் பக்கங்களில் சுவாரஸ்யமாக ஒன்றும் இல்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது: பஸ் போன பிறகும் பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார், 9.40-லிருந்து 9.52 வரைக்கும். பஸ்ஸுக்குள் இருக்கிற கண்டக்டருக்கு இது கடைசி வரைக்கும் தெரிய வழியில்லை. விசில் கொடுத்தால் அந்த ஊர் முடிந்தது. அவருக்கு அடுத்த ஸ்டேஜ்.

'இரண்டு ரூபாய்' கதையின் முடிவுக்கு அந்தக் குறிப்புதான் உதவியது.

முதலில் அவர் வைத்திருந்த முடிவு வேறு. அம்பாசமுத்திரத்தில் எல்லாரும் இறங்குகிறார்கள். தள்ளுமுள்ளில் அவளும் இறங்கிவிடுகிறாள். பஸ் கிளம்பும்போது கண்டக்டர் படியிலிருந்து எட்டிக் கூப்பிட்டு இரண்டு ரூபாயை அவள் கையில் வைக்கிறார். படிக்கிறவர்கள் சந்தோஷமாகப் பக்கத்தைத் திருப்பலாம். வீட்டுக்காரம்மா அந்த முடிவையும் கேட்டார். கீரைக்காம்பை ஒதுக்கிவிட்டு, "நெசமாவே இப்படிக் கூப்பிட்டுக் குடுத்துருக்கீங்களா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கொடுத்திருக்கிறார். சிலரைக் கூப்பிட்டும் கொடுத்திருக்கிறார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். ஆனால் கேட்காமல் இறங்கிப்போனவர்கள்? 31 வருஷத்தில் எத்தனை டிக்கெட்டின் பின்னால் எழுதியிருப்பார் என்று அவருக்குத் தெரியாது. வசூலுக்குக் கணக்கு இருக்கிறது, டிக்கெட்டுக்கு வரிசை எண் இருக்கிறது. டிக்கெட்டைத் திருப்பிப் பிடித்தபடி நின்று, கேட்காமல் இறங்கிப்போனவர்களின் கணக்கு எந்தத் தாளிலும் இல்லை.

முடிவை மாற்றினார். பஸ் போய்விடுகிறது. அவள் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள், தூக்குவாளியோடு, பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டு. டிக்கெட்டைத் திருப்பி எண்ணைப் பார்க்கிறாள். பிறகு அதைத் தூரப் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடக்கிறாள். திரும்பிப் போவதற்கு என்ன செய்தாள் என்று கதையில் இல்லை. கண்டக்டருக்கும் அது தெரியாது.

கதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறார். பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் நோட்டில் இன்னும் நூற்றுச் சொச்சம் பக்கம் பாக்கி இருக்கிறது. வீட்டுக்காரம்மா இப்போது கேட்காமலே பயணிகள் பக்கத்துச் செய்திகளைச் சொல்கிறார்: ஜன்னல் கம்பியில் தலை வைத்துத் தூங்கினால் நெற்றியில் விழும் தழும்பைப் பற்றி, பக்கத்து சீட் காலியாகும்போது யார் வந்து உட்காருவார்களோ என்ற திகிலைப் பற்றி, கைப்பிள்ளையோடு ஏறினால் முன்பின் தெரியாதவர் மடியில் பிள்ளையை வைத்துவிட்டு நிற்பதைப் பற்றி. அவர் குறித்துக்கொள்கிறார்.

இப்போது எழுத முயன்றுகொண்டிருப்பது செக்கர் கதை. வேலையில் இருந்த நாளெல்லாம் அவர் பயந்த ஒரே ஆள். இருட்டில், எதிர்பாராத ஸ்டாப்பில், டார்ச் லைட்டோடு ஏறுகிற ஆள். அந்த ஆளின் இடத்திலிருந்து பஸ்ஸுக்குள் பார்க்க வேண்டும் என்று மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறார். செக்கருக்கு எல்லாம் தெரியும் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்ததால், அவருக்குத் தெரியாதது எது என்று இன்னும் பிடிபடவில்லை. ஓய்வு பெற்ற செக்கர் ஒருவர் விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறார்.